மண்ணரக்கனும் திரையரக்கனும்

ஒரு முழ உயரமுள்ள பொம்மையை ஐம்பது அடி உயரமுள்ள மிருகமாகக் காட்டும் வித்தை ஒன்று சினிமாவில் உண்டு. மலை போன்ற குரங்கு, கடலைக் கலக்கி எழும் பெரும்பல்லி, யானைப் பருமனுள்ள எறும்பு, வானத்தை மறைத்துப் பறக்கும் கழுகு என்று இத்தகைய பூதப் பிராணிகளை வைத்து எடுக்கப்பட்ட படங்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை குறைந்த செலவில், குறைந்த நாட்களில் எடுத்து முடிக்கப்பட்டவை. கற்றோர் அவற்றைக் கண்டு நகைப்பர். விமரிசகர் ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளுவர். ஆயினும் கொட்டகைகள் நிறைந்தே இருந்தன. இந்தக் கவர்ச்சிக்குக் காரணம் என்ன? இப்படங்கள் தவறும் இடங்கள் யாவை? அந்தத் தவறுகள் பணமின்மையால் நேர்வனவா, அன்றி வேறொன்றின் குறைவால் நேர்வனவா? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு நாம் தேர்ந்துகொள்ளும் இடம் சித்தூரும் திருப்பதியும் அடங்கிய பகுதி. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அது தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புறம். 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சித்தூர் ஜில்லா, 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் பிறக்கும் வரையில் சென்னையைச் சேர்ந்திருந்தது. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தில் கோடுகள் இவ்வாறு மாறினாலும், வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் மற்றொரு மொழியுமாக வாழும் குடும்பங்கள் அங்கே மாறாமல் இருக்கின்றன. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு அந்த வாழ்க்கை புதிதன்று. இரண்டாவது காரணம், பேருருவங்களைச் சமைப்பதும் அவற்றின்முன் நிற்பதும் அப்பகுதி மக்களுக்கு நெடுநாளாகப் பழகிய செயல்கள் என்பது.

அங்கே மலையே ஒரு பேருருவம். திருமலையின் ஏழு சிகரங்களும் ஆதிசேஷனின் உடல் என்பது ஐதிகம். படம் விரித்த தலை திருமலையில், நடுவுடல் அகோபிலத்தில், வால் ஸ்ரீசைலத்தில் என்று முன்னோர் கூறுவர். சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கத்து விநாயகர் நாளுக்கு நாள் வளர்ந்துவருகிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. முற்காலத்தில் சார்த்திய கவசம் இப்போது பொருந்துவதில்லை என்று அங்கே சுட்டிக்காட்டுவார்கள். இத்தகைய சூழலில் வளரும் ஒருவனுக்குப் பேருருவம் என்பது வெறும் அதிசயமன்று. அது ஏதோ ஒன்றைக் குறிக்க வந்தது என்ற உணர்வு அவனுக்கு இயல்பாகவே இருக்கும்.

அப்பகுதிக் கிராமங்களில் தருமராஜர் கோயில் என்றும் திரௌபதி அம்மன் கோயில் என்றும் வழங்கும் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரத விழா நடைபெறும். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து என்று பல நாள் நிகழ்ந்து, இறுதியில் துரியோதனன் வதம் வரும். நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் இதனையே படுகளம் என்போம். அதற்காக ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணைக் குவித்துத் துரியோதனனுக்கு மிகப் பெரியதோர் உருவம் சமைப்பார்கள். மல்லாந்து கிடக்கும் அந்த உருவத்தின் தலைக்கும் காலுக்கும் இடையே பல ஆட்கள் படுக்கலாம். முகத்திற்கு வண்ணம் தீட்டி, முறுக்கு மீசை வைத்துக் கிரீடமும் அமைப்பார்கள். வேடமணிந்த வீமனும் துரியோதனனும் அந்த மண்மேட்டைச் சுற்றி ஓடுவார்கள். அதன்மீது ஏறிப் பொருவார்கள். முடிவில் வீமன் மண்ணுருவத்தின் தொடையை அடிக்க, உள்ளே வைத்திருந்த செந்நீர் வெளிப்படும். திரௌபதி தன் கூந்தலை முடிப்பாள்.

திருப்பதியிலேயே தாத்தய்யகுண்ட கங்கம்மா கோயிலில் ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டி ஒரு வாரத் திருவிழா நடக்கிறது. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவனைத் தேடிக் கங்கம்மா பலபல வேடங்கள் புனைந்து சென்று வதம் செய்தாள் என்பது அதன் கதை. ஊர் ஆண்களும் நாளுக்கொரு வேடம் பூண்டு தெருவில் வருவார்கள். பெண் வேடமும் உண்டு. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த ‘புஷ்பா’ இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் புடைவையும் நீலச் சாயமும் அணிந்து ஆடிய காட்சியால் இத்திருவிழா வடநாட்டவர்க்கும் அறிமுகமாயிற்று. விழாவின் கடைசி இரவில் கோயில் முன்னே அம்மனின் விசுவரூபத்தைக் களிமண்ணால் சமைப்பார்கள். பெருந்திரளான மக்கள் விடிய விடியக் காத்து நிற்பார்கள். விடியும் வேளையில் உருவம் கலைக்கப்படும். கன்னத்து மண்ணைப் பெறுவதற்கு மக்கள் முந்துவார்கள். பெற்றவர்கள் அதனை மருந்தெனப் போற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள்.

இவ்விரு பேருருவங்களுக்கும் ஆகும் பொருட்செலவு மிகக் குறைவு. மண், நீர், மூங்கில், வண்ணம், பலருடைய உழைப்பு ஆகியவையே மூலதனம். அவ்வுருவங்களைச் சமைப்பதை ஊரார் அனைவரும் பகலெல்லாம் கண்டவர்களே. மூக்கு எந்த மண், கண் எந்தச் சாயம் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். ஆயினும் உரிய நேரம் வந்தவுடன் அவர்கள் நடுங்குகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், கும்பிடுகிறார்கள். எனவே பேருருவத்தின் மீது நம்பிக்கை பிறப்பதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. செய்த விதத்தை மறைக்கவும் வேண்டுவதில்லை. உருவம் ஏன் வந்தது என்பது காண்போருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் வரவால் ஏதேனும் ஒன்று மாறவும் வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் கொண்டு திரைப்படத்திற்கு வருவோம்.

தென்னாட்டுத் திரைப்படம் பேருருவத்தை நன்கு கையாண்ட காலம் உண்டு. 1957-இல் சென்னை விஜயா நிறுவனத்தார் கே.வி. ரெட்டியின் இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட்ட ‘மாயா பஜார்’ அதற்குச் சான்று. எஸ்.வி. ரங்கராவ் ஏற்ற கடோத்கசன் கலியாண விருந்தைத் தனியே உண்ணும் காட்சியில், பண்டங்கள் தாமாக நகர்ந்து வருவதும் அவன் உருவம் பெருத்து வளர்வதும் மார்க்கஸ் பார்ட்லி என்னும் ஒளிப்பதிவாளரின் கைத்திறனால் ஆனவை. கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒரு படச்சுருளையே மீண்டும் மீண்டும் பதிவுசெய்தும், பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கட்டம் கட்டமாகப் படம் பிடித்தும் அந்த மாயத்தைச் செய்தார்கள். எனினும் ‘மாயா பஜார்’ பெருஞ்செலவில் ஆன படம். குறைந்த செலவில் பூதங்களை உலவவிட்ட பெருமை வேறொருவரைச் சாரும்.

அவர் பி. விட்டலாச்சாரியா. உடுப்பிப் பகுதியில் 1920-இல் பிறந்து, சென்னையில் தொழில் நடத்தி, 1999-இல் மறைந்தவர். தெலுங்கு ரசிகர்கள் அவரை ‘ஜானபத பிரம்மா’ என்று அழைத்தார்கள். நாடோடிக் கதைகளின் பிரமன் என்பது பொருள். மந்திரவாதி, பேசும் கிளி, எலும்புக்கூடு, பறக்கும் பாம்பு, ஏழு கடல் தாண்டிய தீவு ஆகியவை அவருடைய படங்களின் நிலையான செல்வங்கள். செலவைச் சுருக்குவதில் அவர் பேர்போனவர். நடிகருக்குத் தேதி இல்லை என்றால், முனிவர் சாபத்தால் அவரைக் கிளியாக மாற்றிக் கதையை நடத்திவிடுவார் என்று திரையுலகில் ஒரு பேச்சு வழங்குவதுண்டு. 1978-இல் வந்த அவருடைய ‘ஜகன்மோகினி’யில் பேய்மகள் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கிறாள். இக்காட்சிக்கு ஆன செலவு ஓர் அடுப்பும் ஒரு பொய்க்காலுமே. ஆனால் அதனைப் பார்த்தவர் மறப்பதில்லை. அப்படத்தின் பெயரையும் கதையையும் கொண்டு 2009-இல் தமிழில் மற்றொரு படம் எடுத்தார்கள் என்றால், அதன் நினைவு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது விளங்கும்.

சித்தூர் போன்ற எல்லைப்புற ஊர்களில் இவ்வகைப் படங்களுக்குத் தனியானதொரு பயன் இருந்தது. நல்ல வசனத்தைச் சுவைக்க மொழியறிவு வேண்டும். நகைச்சுவைக்கு அதைவிட நுட்பமான மொழியறிவு வேண்டும். பூதம் உறுமுவதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டுவதில்லை. டூரிங் கொட்டகையின் மணல் தரையில் தமிழ்க் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே கணத்தில் அஞ்சவும் ஒரே கணத்தில் கை தட்டவும் முடிந்தது. மூன்று மொழிகள் கலந்து ஒலிக்கும் தொழிற்பேட்டைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நேயர்கள் இதன் அருமையை அறிவார்கள். வீட்டு மொழி வேறாகவும் பள்ளி மொழி வேறாகவும் உள்ள பிள்ளைகள் முதலில் ஒன்றுகூடிச் சிரிப்பதும் அலறுவதும் இத்தகைய படங்களின் முன்னேதான்.

இனி, கவர்ச்சியின் வேர்களைப் பிரித்துப் பார்ப்போம். மனிதன் தன் சிறுமையை உணர்வதில் ஓர் இன்பம் அடைகிறான். கடலின் முன்னும் மலையின் முன்னும் நமக்குத் தோன்றுவது அதுவே. வாமனன் முதலில் சிறு பிள்ளையாக நின்று மூன்றடி மண் கேட்டதனாலேயே திரிவிக்கிரமனின் வளர்ச்சி நம்மைத் திகைக்க வைக்கிறது. இன்னொரு வேர், ஆபத்தில்லாத அச்சம். கொட்டகைக்குள் நாம் பயப்படலாம். வெளியே வந்ததும் பயம் நீங்கி உடம்பு லேசாகிறது. வேறொன்று, செய்தவனின் யுக்தியைக் கண்டு மகிழ்தல். இது அட்டை, இது கம்பி, இது துணி என்று கண்டுபிடித்துக்கொண்டே, அதற்கிடையில் ஒரு நொடி ஏமாந்தும் போகிறோமே, அந்த ஏமாற்றம் இனிமையானது. குறைந்த செலவுப் படத்திற்கே உரிய சுவை இது. பெருஞ்செலவுப் படம் யுக்தியை முழுவதும் மறைத்துவிடுவதால், அந்த விளையாட்டில் நமக்குப் பங்கு இருப்பதில்லை.

பணமின்மையே புதுமைக்குத் தாயானதும் உண்டு. 1933-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தில் வில்லிஸ் ஓபிரையன் என்பவர் உலோக எலும்பும் ரப்பர்ச் சதையும் முயல் தோலும் கொண்டு ஒரு முழ அளவுள்ள பொம்மைகள் செய்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம் பிடித்தார். ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு கட்டங்கள் என்றால், அதற்கு ஆகும் நாட்களை எண்ணிப் பாருங்கள். 1954-இல் ஜப்பானில் தோஹோ நிறுவனத்தார் ‘கோஜிரா’ என்ற படத்தைத் தொடங்கியபோது, அந்த முறையைக் கையாள அவர்களுக்குக் காலமும் பணமும் போதவில்லை. ஆகவே சித்திரத் தந்திர நிபுணரான எய்ஜி சுபுராயா, ரப்பர் உடைக்குள் ஓர் ஆளை நுழைத்துச் சிறு நகர் ஒன்றை மிதிக்கச் செய்தார். உடையின் எடை ஏறக்குறைய நூறு கிலோ. உள்ளே இருந்த ஹருவோ நகாஜிமா மூச்சுத் திணறும் வெப்பத்தில் நடித்தார். பெரிய நரம்பிசைக் கருவியொன்றின் தந்திகளைத் தோல் கையுறையால் உரசிப் பிராணியின் கூவலை உண்டாக்கினார்கள். வேறு வழியின்றிப் பிறந்த அம்முறை பின்னர் ஒரு பெரும் மரபாயிற்று.

இனிக் குறைகளைக் காண்போம். அவற்றுள் சில கணக்கறியாமையால் வருவன. ஓர் உருவத்தின் உயரம் இருமடங்கானால் எடை இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகும். எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே பெருகும். இதனை 1638-இல் வெளியிட்ட நூலில் கலிலியோ விளக்கினார். ஆதலால் எறும்பை யானையளவு ஆக்கினால் அதன் மெல்லிய கால்கள் முறிந்துபோகும். கதைக்காக இதனை நாம் மன்னிக்கலாம். ஆனால் பேருருவம் அசையும் வேகத்தை மன்னிக்க இயலாது. உயரமான பொருள் விழுவதற்கு நேரம் அதிகமாகும். ஐம்பது மீட்டர் உயரமுள்ள பிராணியை இரண்டு மீட்டர் உயரமுள்ள ஆளைக்கொண்டு காட்டினால், அளவு இருபத்தைந்தில் ஒன்று. அதன் வர்க்கமூலம் ஐந்து. ஆகவே கணக்குப்படி, சாதாரண வேகத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது வினாடிக்கு 120 கட்டங்களாகப் படம் பிடித்து, வழக்கமான வேகத்தில் திரையில் ஓட்ட வேண்டும். அப்போதுதான் கட்டடம் மெல்லச் சரியும். காலடியில் பாரம் தோன்றும். படச்சுருளை மிச்சப்படுத்த எண்ணிச் சாதாரண வேகத்தில் எடுத்தால், அரக்கன் தாவிக் குதிக்கும் பொம்மையாகிவிடுவான்.

நீரும் நெருப்பும் இன்னும் பொல்லாதவை. கப்பலைச் சிறிதாகச் செய்யலாம். நீர்த்துளியைச் சிறிதாக்க இயலாது. சிறு கப்பலின்மீது தெறிக்கும் துளி பூசணிக்காய் அளவாகத் தெரிந்து, அது தொட்டியில் மிதக்கும் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். அட்டை வீட்டில் பற்றும் தீயின் கொழுந்து வீட்டைவிட உயரமாக எழும். ஒரே படச்சுருளில் ஆளையும் நகரத்தையும் இருமுறை பதிவு செய்யும்போது மறைப்பு சரியாக அமையாவிட்டால், அரக்கனின் உடம்பு வழியே பின்னாலுள்ள மலை தெரியும். ஊரை மிதிக்கும் பூதம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் யார் அஞ்சுவார்கள்?

கவனமின்மைக்கு அமெரிக்கப் படங்களில் உதாரணங்கள் பல. 1957-இல் வந்த ‘பிகினிங் ஆஃப் தி எண்ட்’ படத்தில் வெட்டுக்கிளிகள் சிகாகோ நகரத்தின்மீது ஏறுகின்றன. உண்மையில் அவை கட்டடங்களின் புகைப்படத்தின்மீது ஊர்ந்தன. ஓரிடத்தில் ஒரு வெட்டுக்கிளி கட்டடத்தின் விளிம்பைக் கடந்து வெறும் வானத்தில் நடந்துவிட்டது! அதே ஆண்டில் வந்த ‘தி ஜயண்ட் கிளா’ படத்தில், பறவை எப்படியிருக்கும் என்று அறியாமலே நடிகர்கள் அஞ்சி நடித்தார்கள். பிறகு திரையில் வந்தது நீண்ட கழுத்தும் உருண்ட கண்ணும் கொண்ட வேடிக்கைப் பொம்மை. கதாநாயகனாக நடித்த ஜெஃப் மாரோ, தம் ஊர்க் கொட்டகையில் ஜனங்கள் சிரித்ததைக் கேட்டுப் படம் முடியுமுன் வெளியே வந்துவிட்டதாகப் பின்னாளில் கூறினார். நடிகர்களின் அச்சம் உண்மையாகவே இருந்தது; அவர்கள் அஞ்சிய பொருளைச் செய்தவர்களுக்கு மட்டும் அதில் அக்கறை இல்லாமற் போயிற்று.

நம்மவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் அமெரிக்கருடன் கூடி 1952-இல் ‘காடு’ என்றும் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் ஒரு படம் வெளியிட்டார்கள். இயக்கியவர் வில்லியம் பெர்க். நடித்தவர் ராட் காமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகியோர். காட்டு யானைகள் ஏதோ ஒன்றைக் கண்டு மிரண்டு ஊருக்குள் ஓடிவருகின்றன. காரணம் தேடிச் செல்வோர் முடிவில் காண்பது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ரோம யானைகளை. அவற்றுக்காகச் செய்தது, நாட்டு யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தியதே. யானையைக் காணாத அயல்நாட்டவர் ஒருவேளை வியந்திருக்கலாம். கோயில் வாசலில் நாள்தோறும் யானையிடம் ஆசி பெறும் நம் மக்களுக்குப் போர்வைக்குள் இருப்பவர் யார் என்று நடையைக் கண்டே தெரிந்துவிடாதா? தன் ரசிகன் எதை அறிவான் என்பதை எண்ணாமல் விடுவது, பணக்குறைவைவிடப் பெரிய குறை.

இதுவரை சொன்னவை கைத்தொழிற் குறைகள். அவற்றைச் சிரித்துவிட்டு மறக்கலாம். மறக்கக் கூடாதவை வேறு சில.

வாயற்ற ஜீவன்களுக்கு இழைத்த கொடுமையை முதலில் சொல்ல வேண்டும். 1940-இல் வந்த ‘ஒன் மில்லியன் பி.சி.’ என்ற அமெரிக்கப் படத்தில் உயிருள்ள பல்லிகளுக்குச் செயற்கைச் செதில் ஒட்டிச் சண்டையிடச் செய்தார்கள். அந்தக் காட்சிகள் பின்னர்ப் பல மலிவுப் படங்களுக்கு விற்கப்பட்டு மறுபடி மறுபடி காட்டப்பட்டன. பொம்மை செய்யும் செலவை மிச்சப்படுத்தியவர் முதலாளி. அந்தச் செலவைத் தன் உடம்பால் கொடுத்தது பிராணி. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் விதிகள், படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்று வகுத்துள்ளன.

மனிதர்க்கு இழைத்த அவமதிப்பும் உண்டு. மலிவான கதையில் பூதம் வாழும் இடம் எப்போதும் காடு. அதனை வழிபடுவோர் எப்போதும் காட்டுக் குடிகள். முகத்தில் கரி பூசிய துணைநடிகர்கள் குதித்துக் கூச்சலிட்டால் போதும் என்று படம் எடுப்போர் கருதினார்கள். சேஷாசலக் காடுகளை ஒட்டி யானாதியரும் இருளரும் போன்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே கொட்டகையில் அமர்ந்து தங்கள் சாயலைத் திரையில் கண்டிருப்பார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, மாண்டவர்க்காக ஒருவரும் அழாமை. பூதம் மிதிக்கிறது, ஊர் நொறுங்குகிறது, ஆயிரம்பேர் மடிகிறார்கள். அடுத்த காட்சியில் கதாநாயகனும் கதாநாயகியும் பாட்டுப் பாடுகிறார்கள். 1954-இன் ‘கோஜிரா’ இத்தவற்றைச் செய்யவில்லை. அவ்வாண்டு மார்ச் முதல் நாள் பசிபிக் கடலில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடி படகு ஒன்றின்மீது விழுந்து அதிலிருந்தவர்களைத் துன்பத்துக்குள்ளாக்கியது. ஹிரோஷிமா, நாகசாகி துயரம் நிகழ்ந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. குண்டுச் சோதனையால் எழுந்த பிராணியாகவே கோஜிராவைக் காட்டினார்கள். இடிந்து விழும் நகரத்தில் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, விரைவில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தேற்றுகிறாள். மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரமெல்லாம் காயமுற்றவர் கிடக்கிறார்கள். ரப்பர் உடை ரப்பராகவே தெரிந்தபோதும் அப்படம் நெஞ்சை அழுத்துவது இதனால்தான். இதைக் கண்டு பின்வந்த பலர் உடையை மட்டும் பார்த்துச் செய்தார்கள், துயரத்தை விட்டுவிட்டார்கள்.

நம் பழங்கதைகள் இதனை நன்கறிந்தவை. கும்பகருணனை எழுப்பப் படும் பாட்டைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. அவனே எழுந்து வந்து, தமையன் செய்தது தவறு என்று இடித்துரைத்து, ஆயினும் அவனுக்காகவே உயிர் கொடுக்கச் செல்லும்போது சிரித்தவர் கண்ணில் நீர் வருகிறது. அவன் உடல் பெரிதென்பது கதையின் தொடக்கம் மட்டுமே. மனமும் பெரிதாய் இருந்ததால்தான் அவன் நம் நினைவில் நிலைத்தான். படுகளத்து மண் துரியோதனனும் அப்படியே. அவன் தொடையில் விழும் அடியில், ஒரு பெண்ணுக்குச் சபையில் இழைத்த அநீதி தீர்கிறது; அவிழ்ந்த கூந்தல் முடிகிறது. மண் மட்டமாக இருக்கலாம், அடி வீணாகவில்லை.

இவ்வளவையும் இன்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பேருருவம் செய்யும் செலவு இப்போது மிகவும் குறைந்துவிட்டது. 2023-இல் ஜப்பானில் தகாஷி யமசாகி இயக்கிய ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ படத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்ட தந்திரக் காட்சிகளை முப்பத்தைந்து கலைஞர்கள் செய்து முடித்தார்கள். ஹாலிவுட்டின் பெரும்படங்களுக்கு ஆகும் பணத்தில் சிறு பகுதியே செலவாயிற்று. 2024 மார்ச்சில் சித்திரத் தந்திரத்திற்கான ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது. அதன் கதையோ, போரில் உயிர் தப்பியதற்காகவே நாணி வாழும் ஒரு வீரனைப் பற்றியது. கோஜிரா மரபில் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வெற்றி தந்தது அந்தப் பழைய துயரமே.

மறுபுறத்தில், கணிப்பொறியையும் செயற்கை அறிவையும் கொண்டு வீட்டிலிருந்தபடியே ஒருவர் ஒரு நாளில் பத்துப் பூதங்களை உண்டாக்கிக் கைப்பேசியில் அனுப்பிவிட முடிகிறது. சுறா, பாம்பு, டைனோசர் என்று அயல்நாட்டு மலிவுப் படங்களும் தமிழ்க் குரல் பூசிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்துகொண்டே இருக்கின்றன. வெளி மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலருக்குப் பள்ளிக்கு வெளியே காதில் விழும் தமிழ் அந்தக் குரல்தான். அதனைத் தடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பூதப் படம் பார்ப்பது பாவமன்று. அதில் இனிமை உண்டு என்று இதுவரை வாதித்தவர்கள் நாமே. ஆனால் பெற்றோர் உடனிருந்து பார்ப்பதும், படம் முடிந்தபின் சில கேள்விகள் கேட்பதும் நன்று. இந்தப் பிராணி ஏன் வந்தது? இதனால் துன்புற்றவர் யார்? அவர்களுக்காக யாரேனும் வருந்தினார்களா? இதைச் செய்தவர்கள் எப்படிச் செய்திருப்பார்கள்? இக்கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்லப் பழகும் பிள்ளை, படத்தை அளக்கவும் கற்கிறது. மொழியையும் கைவிடாமல் வைத்திருக்கிறது.

மும்பையிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வேங்கடவனைத் தரிசிக்கத் திருப்பதி வருவது வழக்கம். மலையிலிருந்து இறங்கியதும் அடுத்த வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் ஊரைப் பாராமலே போய்விடுகிறோம். மே மாதத்தில் வர நேர்ந்தால், கங்கம்மா கோயில் விசுவரூபத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பாரதம் நடப்பதாகக் கேள்விப்பட்டால், வதத்தன்று காலையிலேயே போய், மண் குழைப்பது முதல் பார்க்கச் செய்யுங்கள். பேருருவம் ஒன்றைக் குறைந்த பொருளில், பலர் கூடி, காரணத்தோடு சமைப்பது எப்படி என்பதை அங்கே நேரில் கண்ட பிள்ளைக்கு, திரையில் வரும் அரக்கர்களுள் யார் பொருட்படுத்தத் தக்கவன் என்று தேர்ந்துகொள்ளப் பிறர் துணை அதிகம் வேண்டியிராது.